அளத்தலும் வேவு பார்த்தலும்

பலர் பகிர்ந்து நுகரும் பொருள் எதுவாயினும், அது குறைவுபடும் வேளையிலேயே அதன் அளவு பற்றிய கேள்வி எழுகின்றது. குளம் நிறைந்திருக்கும் காலத்தில் நீர்மட்டத்தை எவரும் விசாரிப்பதில்லை. மட்டம் தாழத் தொடங்கியதும் யாருடைய வயலுக்கு எவ்வளவு பாய்ந்தது என்ற வழக்குத் தொடங்கிவிடுகின்றது. அளவு தெரியாதவிடத்து வழக்குச் சந்தேகமாகின்றது. சந்தேகம் முற்றியவிடத்து வலியோன் சொல்லே தீர்ப்பாகின்றது. கணினி வலையமைப்புகளின் வரலாற்றிலும் இவ்வுண்மைக்குச் சான்று உண்டு. அச்சான்று ஒரு பல்கலைக்கழகத்திலிருந்தே கிடைப்பது, பல்கலைக்கழகத்தில் வாழ்வோர் மனங்கொள்ளத்தக்கது.

1994 ஆம் ஆண்டில் சுவிற்சலாந்தைச் சேர்ந்த ரொபியாஸ் ஓற்றிக்கர் என்பவர், பிரித்தானியாவின் லெஸ்ரர் நகரிலுள்ள டி மொன்ற்போட் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிக்கொண்டிருந்தார். அவருடைய பணியிடத்தை வெளியுலகுடன் இணைத்தது, செக்கனுக்கு 64 கிலோபிற் கொள்ளளவுடைய ஒரேயோர் இணைப்பு ஆகும். அதன் சிறுமையை உணர ஒரு கணக்கே போதும். 64,000 பிற் என்பது 8,000 பைற். இரவு பகல் ஓயாது முழு வேகத்தில் ஓடினும் அவ்விணைப்பு ஒரு திசையில் ஒரு நாளிற் சுமக்கக்கூடியது ஏறத்தாழ 69 கோடி பைற் மாத்திரமே. அதாவது, ஓர் இறுவட்டில் அடங்கிவிடும் தொகை. இதனையே விரிவுரையாளரும் மாணவரும் அலுவலரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அவ்விணைப்பு எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறிய எல்லோரும் ஆவல் கொண்டிருந்ததில் வியப்பில்லை.

அந்த ஆவலைத் தீர்க்கும் பொருட்டு ஓற்றிக்கர் அவசரமாகச் சிறு செய்நிரல் ஒன்றை எழுதினார். இணைப்பின் சுமையை இடையறாது புதுப்பிக்கப்படும் வரைபாக அது வலைப்பக்கமொன்றிற் காட்டியது. அதுவே வளர்ந்து, 1995 ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் எம்.ஆர்.ரி.ஜீ. என்ற பெயருடன் வெளிவந்தது. பல வழிப்படுத்திகளின் போக்குவரத்தை வரைவது என்பதே அவ்வெழுத்துகள் குறிக்கும் பொருள்.

அதன் செயன்முறை வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. வலையமைப்பின் சந்திகளில் நின்று தரவுகளை உரிய திசைக்கு அனுப்பும் வழிப்படுத்திகள், தம்முள் நுழைந்தனவும் தம்மிலிருந்து வெளியேறியனவுமான பைற்றுகளை எண்ணிக்கொண்டேயிருக்கின்றன. அவ்வெண்ணிகளைத் தொலைவிலிருந்து வாசிப்பதற்கான பொது ஒழுங்குமுறையொன்று 1988 ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டிருந்தது. ஆகவே, செய்நிரல் செய்யவேண்டியது மின்மானியைப் பார்வையிட வருபவரின் வேலையே. ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை எண்ணியை வாசித்து, முந்திய வாசிப்பைக் கழித்து, வித்தியாசத்தை முந்நூறு செக்கனாற் பிரிக்க வேண்டும். முதல் வாசிப்பு 1,00,00,000 எனவும் அடுத்தது 1,15,00,000 எனவும் கொள்வோமாயின், வித்தியாசம் 15,00,000 பைற். செக்கனுக்கு 5,000 பைற். அதாவது 40 கிலோபிற். 64 கிலோபிற் இணைப்பொன்றில் எட்டில் ஐந்து பங்கு நிரம்பியிருக்கின்றது என்பது தெளிவாகிவிடுகின்றது. உள்வருவதைப் பச்சைப் பரப்பாகவும் வெளிச்செல்வதை நீலக் கோடாகவும் வரைந்துவிட்டால், கணினியியல் அறியாதாரும் ஒரு பார்வையில் உணர்ந்துகொள்வர்.

எண்ணி வாசித்தல் புதியதன்று. அவ்வாசிப்பை ஒரு சிலரின் கையேட்டில் முடக்காது எல்லோர் கண்முன்னும் தொங்கவிட்டமையே இம்முயற்சியின் சிறப்பு. இணைப்பு நிரம்பி வழிகின்றது என்று நிருவாகம் கூறுமாயின், வரைபைப் பார்த்து அதனைச் சரிபார்க்கலாம். இணைப்பு வெறுமையாகக் கிடக்கையிலும் பக்கங்கள் வரத் தாமதிக்குமாயின், குறை வேறெங்கோ உள்ளது என்று மாணவனும் வாதிடலாம். அளவு பொதுவுடைமையானதும் வாதம் பதவியிலிருந்து பொருளுக்கு இறங்கிவிடுகின்றது.

எனினும், வரைபு கூறுவன யாவும் முழு உண்மையென மயங்குதல் கூடாது. இக்கருவி இரண்டு ஆண்டு வரையிலான செய்தியைப் பேணுகின்றது; ஆயினும், அதன் பதிவேடு காலத்தோடு பெருப்பதில்லை. இதன் இரகசியம் மறதியில் உள்ளது. அண்மைக் காலம் ஐந்து நிமிடச் சராசரிகளாகவும், அதற்கு முற்பட்டது அரைமணிச் சராசரிகளாகவும், பின்னர் இரண்டு மணிநேரச் சராசரிகளாகவும், மிகப் பழையது நாட் சராசரிகளாகவும் சுருங்குகின்றன. மனித நினைவும் இவ்வாறானதே எனலாம். நேற்று நிகழ்ந்தது மணிக்கணக்கில் நினைவிருக்கும்; சென்ற ஆண்டு, நல்ல காலம் அல்லது கெட்ட காலம் என்ற ஒரு சொல்லாக எஞ்சும்.

இச்சுருக்கத்தில் இழப்பும் உண்டு. 23 மணிநேரம் செக்கனுக்கு 48 கிலோபிற் ஓடி, ஒரு மணிநேரம் அறுந்து கிடந்த இணைப்பின் நாட் சராசரி 46 கிலோபிற் ஆகும். அந்த ஒரு மணிநேரத்திற் பரீட்சை விண்ணப்பம் அனுப்ப இயலாது தவித்தவனுடைய துன்பம், ஆண்டு வரைபில் இரண்டு கிலோபிற் சரிவாகக் கரைந்துபோகின்றது. உச்ச அளவுகளைத் தனியே காட்டும் ஏற்பாடு இக்கருவியில் உள்ளதாயினும், அது உச்சத்தை நினைவிற் கொள்வதேயன்றி அறுந்த நேரத்தை நினைவிற் கொள்வதன்று. சராசரியைக் கொண்டு ஒரு சமுதாயத்தை அறிய முற்படுவோர் அனைவருக்கும் இது எச்சரிக்கையாகும்.

எண்ணிக்கும் எல்லை உண்டு. முதலில் வழக்கிலிருந்த எண்ணிகள் 32 பிற் கொண்டவை. 4,294,967,295 வரை எண்ணிய பின் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்குபவை. லெஸ்ரரின் சிறிய இணைப்பில் அத்தொகை நிரம்ப ஆறு நாள்களுக்கு மேலாகும். செக்கனுக்கு ஆயிரம் மெகாபிற் ஓடும் இணைப்பிலோ 34 செக்கனில் நிரம்பிவிடும். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை வருபவர் எண்ணி எத்தனை முறை சுற்றியது என்பதை அறியார். அவர் வரையும் கோடு நேர்த்தியாக இருக்கும், ஆனால் பொய்யாக இருக்கும். 64 பிற் எண்ணிகள் ஏற்பட்ட பின்னரே இக்குறை நீங்கியது. அளக்கப்படும் பொருள் வளருங்கால் அளவுகோலும் வளரவேண்டும் என்பது பிற துறையினர்க்கும் பொருந்தும் பாடம்.

இக்கருவி எவ்வாறு வளர்ந்தது என்பதும் நோக்கத்தக்கது. ஓற்றிக்கர் லெஸ்ரரை விட்டுச் சூரிச் நகரின் சமஷ்டித் தொழினுட்ப நிறுவகத்திற்குச் சென்ற பின், நேரமின்மையால் அதனைக் கிடப்பிற் போட்டிருந்தார். 1996 ஆம் ஆண்டு சனவரியில் டேவ் ராண்ட் என்பவர், இச்செய்நிரல் இவ்வளவு மெதுவாக இயங்குவது ஏன் என்று வினவி மடல் எழுதினார். ஓற்றிக்கர் தமக்குத் தோன்றிய யோசனைகளைக் கூறினார். ஒரு வாரமளவிற் பதில் வந்தது: யோசனைகள் பெரும்பயன் தரவில்லை, ஆதலால், காலம் விழுங்கும் பகுதிகளைத் தாமே சீ மொழியில் மீள எழுதிவிட்டதாகக் கூறி, அந்நிரலையும் ராண்ட் இணைத்திருந்தார். வேகம் நாற்பது மடங்காகியது. குறை சொல்ல வந்தவர் குறை தீர்த்துச் சென்ற இந்நிகழ்ச்சியே ஓற்றிக்கரை மீண்டும் பணியில் இறக்கியது. வழிப்படுத்திகளுடன் பேசும் பகுதியைச் சைமன் லைனன் என்ற வேறொருவர் எழுதியளித்தார்.

செய்நிரலின் மூலம் திறந்திருந்தமையாலேயே இது கைகூடியது. 1983 ஆம் ஆண்டில் ரிச்சட் ஸ்ரோல்மன் குனூ திட்டத்தை அறிவித்த நாள் முதல் வலியுறுத்திய கொள்கை இதுவே: மென்பொருளை இயக்கவும், அதன் உட்கூற்றைக் கற்கவும், திருத்தவும், பிறருடன் பகிரவும் பயனருக்கு உரிமை வேண்டும். ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்குவதால் இக்கொள்கையை விளக்க அவர்கள் பெரிதும் இடர்ப்படுகின்றனர். தமிழில் அவ்விடர்ப்பாடு இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. இலவசமாகப் பெற்றவன் நன்றி கூறி அகலலாம். கட்டற்றதாகப் பெற்றவனுக்கோ கடமையொன்றும் கூடவே வந்து சேர்கின்றது. ராண்ட் அக்கடமையைச் செய்தார்.

பின்வந்தோர் பலரும் அவ்வழியைப் பின்பற்றினர். வட்டமாகச் சுழன்று பழையதன் மேற் புதியதை எழுதும் தரவுக் களஞ்சியமாகிய ஆர்.ஆர்.டி. ரூல் என்பதை ஓற்றிக்கரே 1999 இல் வெளியிட்டார். அதனை அடித்தளமாகக் கொண்டு 2001 இல் இயன் பெரி கக்ரை என்ற கருவியைத் தொடங்கினார். வலையமைப்புக்கெனத் தோன்றிய இம்முறை, கணினியின் வெப்பம், வட்டின் வெற்றிடம் முதலியவற்றை வரைவதற்கும் பயன்படலாயிற்று.

கலைப்பீட மாணவன் ஒருவனுக்கு இவ்வரைபு என்ன சொல்லும்? பொறியியலாளர் அதிற் கொள்ளளவைக் காண்பர். அவனோ வாழ்க்கையைக் காண்பான். காலையில் ஏறும் கோடு அலுவலகங்கள் திறந்ததைச் சொல்லும். நண்பகற் சரிவு உணவு வேளையைச் சொல்லும். விடுதியின் இணைப்பாயின் நள்ளிரவிலும் அது தாழாது. விடுமுறையில் முழு வரைபும் வற்றிய ஆறாகக் கிடக்கும். வரிக்கணக்கு மட்டுமே எஞ்சிய ஓர் ஊரின் வரலாற்றை எழுதுபவன் நிலையே அவன் நிலை: எவ்வளவு கொடுத்தனர் என்பது தெரியும், எவ்வாறு வாழ்ந்தனர் என்பது தெரியாது. அந்நள்ளிரவுக் கோடு ஆய்வேடு தேடுபவனுடையதா, திரைப்படம் பார்ப்பவனுடையதா, தொலைவிலுள்ள தாயின் முகத்தைத் திரையிற் கண்டு பேசுபவளுடையதா? வரைபு வாய் திறவாது.

இந்த மௌனம் குறைபாடா, நாகரிகமா என்பதே சிந்திக்க வேண்டிய வினா. மேலும் அறிய விரும்புவோர்க்கு வேறு கருவிகள் உள. 1998 ஆம் ஆண்டில் இத்தாலியின் பீசாவில் லூக்கா தேரி உருவாக்கிய என்-ரொப், மொத்தத் தொகையோடு நில்லாது எந்தக் கணினி எவ்வளவு நுகர்ந்தது என வகுத்துக் காட்டுவது. அதே ஆண்டில் ஜெரால்ட் கோம்ஸ் ஈதரியல் என்ற பெயரில் வெளியிட்டு, 2006 முதல் வயர்ஷாக் எனப்படும் கருவி, மறைகுறியாக்கப்படாத மடலாயின் அதனைப் பிரித்து வாசிக்கவும் வல்லது. இவையும் கட்டற்றவையே; பழுது தேடவும் பாதுகாப்புப் பேணவும் இன்றியமையாதவையே. எனினும், முதலாவது கருவி வாய்க்காலின் ஆழத்தைப் பார்த்தது. இரண்டாவது ஒவ்வொருவர் குடத்தையும் பார்த்தது. மூன்றாவது குடத்துள் என்ன இருக்கின்றது என்பதையும் பார்த்தது. அளத்தல் வேவு பார்த்தலாக மாறும் எல்லை இம்மூன்றுக்கும் இடையில் எங்கோ உள்ளது. அவ்வெல்லையைக் கருவி வகுத்துத் தராது.

மூலம் திறந்திருப்பதாற் கண்காணிக்கப்படுவோருக்கும் பாதுகாப்புக் கிடைக்கின்றது என்று வாதிடுவோர் உளர். அவ்வாதம் ஒருபாதி உண்மை. கருவி எதைச் செய்யவல்லது என்பதை எவரும் வாசித்து அறியலாம். ஆயின், இந்த வளாகத்தில், இந்த வழிப்படுத்தியில், எந்தக் கருவி பூட்டப்பட்டுள்ளது, எவர் அதன் பதிவைப் பார்க்கின்றார், எத்தனை நாள் பேணுகின்றார் என்பவற்றை மூலநிரல் கூறமாட்டாது. அவற்றை நிறுவனமே கூறவேண்டும். கேட்கும் உரிமை அங்கு வாழ்வோருக்கு வேண்டும். செய்நிரலின் கட்டின்மை, அதனை இயக்குவோரின் ஒழுக்கத்துக்கு ஈடாகாது.

அவ்வாறு கேட்குமிடத்து லெஸ்ரரின் வரைபு நல்ல உரைகல்லாக அமையும். அது பொதுப் பொருளை அளந்தது, தனியாளைச் சுட்டவில்லை. அளந்ததை அளக்கப்பட்டோரிடமே காட்டியது. எதை அளப்பினும் இவ்விரு பண்புகளும் உள்ளனவா என்று நோக்குதல் தகும். வருகைப் பதிவேடு முதல் வாயிற் படக்கருவி வரை, பல்கலைக்கழக வாழ்வில் அளவைகள் பெருகிவருகின்றன. அவற்றுட் பலவற்றின் வரைபுகள் அளக்கப்படுவோரின் கண்ணிற் படுவதில்லை.