எரிந்ததா, எரித்தார்களா?

யாழ்ப்பாணப் பொது நூலகம் பற்றி விக்கிப்பீடியாவில் "நூலகத்தை எரித்தார்கள்" என்று எழுதியிருந்தேன். மறுநாள் பார்த்தால் "நூலகம் எரிந்தது" என்று மாறியிருந்தது. நான் திருப்பினேன், மாற்றியவரும் திருப்பினார். மூன்றாம் முறை காரணம் எழுதும் பெட்டியில் ஒரே ஒரு சொல்லை இட்டிருந்தார்: நடுநிலை.

எனக்குக் கோபம் வந்தது. 1981 மே 31ஆம் திகதி தொடங்கிய வன்முறையில் சாம்பலான 97,000க்கு மேற்பட்ட நூல்கள் தாமாகவா தீப்பற்றிக்கொண்டன? என் அப்பா அந்த நூலக மேசையில் இருந்து சோதனைக்குப் படித்தவர். ஒரு 'த்' இருந்த இடத்தில் ஒரு 'ந்' வந்து உட்கார்ந்ததும், எரித்தவன் வாக்கியத்தை விட்டே வெளியேறிவிட்டான். தன்வினைக்கும் பிறவினைக்கும் நடுவே இத்தனை பெரிய பள்ளம் இருப்பதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.

முகம் தெரியாத அந்தப் பயனரோடு மல்லுக்கட்டுவதை நிறுத்தினேன். அவர் பிடித்துக்கொண்டிருந்த சொல் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன். விக்கிப்பீடியாவில் கட்டுரைகளைப் போலவே கொள்கைப் பக்கங்களுக்கும் 'வரலாறு' உண்டு. ஒவ்வொரு திருத்தமாகப் பின்னோக்கிப் போனேன்.

தடம் விக்கிப்பீடியாவையும் தாண்டிப் போனது. 2000ஆம் ஆண்டில் ஜிம்மி வேல்ஸ் நியூபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார். அதன் தலைமை ஆசிரியர் லாரி சாங்கர், மெய்யியல் படித்தவர். கட்டுரைகள் பக்கச்சார்பற்று இருக்க வேண்டும் என்ற விதியை அவர்தான் அங்கே வரைந்தார். அங்கு ஒவ்வொரு கட்டுரையும் அறிஞர்களின் கையில் ஏழு படிகள் ஏறி வர வேண்டும். 2003இல் அது மூடப்படும்போது முழுமை பெற்றிருந்தவை ஏறத்தாழ இரண்டு டசன் கட்டுரைகள்தான்.

2001 ஜனவரி 15இல் விக்கிப்பீடியா பிறந்தது. அதற்கு வாசலும் இல்லை, காவலும் இல்லை. யாரும் எழுதலாம், யாரும் அழிக்கலாம். நியூபீடியாவில் ஏழு படிகள் செய்த வேலையை இங்கே விதிதான் செய்ய வேண்டியிருந்தது. ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் ஒப்புக்கொள்ளும் விதமாக எழுதுங்கள் என்று வேல்ஸ் சுருக்கமாகச் சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில் சாங்கர் அதை நீண்ட விளக்கமாக விரித்தார். அதைப் படித்தபோதுதான் என் எண்ணம் முதல்முறையாக ஆட்டம் கண்டது. நடுநிலை என்றதும் நமக்குத் தராசு முள் நினைவுக்கு வரும். அங்கே தராசு இல்லை. சர்ச்சைக்குரிய ஒன்றைக் களஞ்சியம் தன் வாயால் சொல்லாமல், அதைச் சொல்பவர் யார் என்று காட்ட வேண்டும் என்பதே விதி.

அப்படியானால் பூமி தட்டை என்பவருக்கும் பாதிப் பக்கம் ஒதுக்க வேண்டுமா? 2003 செப்டெம்பரில் வேல்ஸ் அனுப்பிய மின்னஞ்சலில் இதற்கு விடை கிடைத்தது. பெரும்பான்மைக் கருத்தென்றால் பொதுவாக ஏற்கப்பட்ட நூல்களைச் சான்றாகக் காட்டுவது எளிது. குறிப்பிடத்தக்க சிறுபான்மைக் கருத்தென்றால் அதைக் கொண்ட முக்கியமானவர்களின் பெயரைச் சொல்வது எளிது. மிகச் சிலரே நம்புவதற்கு இங்கே இடமில்லை. சான்றின் கனத்துக்கேற்ற இடம் என்ற கொள்கை இதிலிருந்து வளர்ந்தது.

சண்டைகள் ஓய்ந்துவிடவில்லை. போலந்துத் துறைமுக நகரை கதான்ஸ்க் என்பதா, ஜெர்மானியர் வழங்கிய டான்சிக் என்பதா என்ற இழுபறி 2005இல் வாக்கெடுப்பு வரை போனது. 1308 முதல் 1945 வரையான காலத்துக்கு டான்சிக், அதற்கு முன்னும் பின்னும் கதான்ஸ்க் என்று முடிவானது. நம் தீவின் போர் பற்றிய பக்கங்களிலும் இதே கதைதான். ஆங்கில விக்கிப்பீடியாவில் இரு தரப்பிலிருந்தும் சிலர் கூடி 'இலங்கை நல்லிணக்கம்' என்ற திட்டத்தையே அமைத்தார்கள். அரச ஊடகமோ புலி ஆதரவு ஊடகமோ, எதை மேற்கோள் காட்டினாலும் அது யாருடைய குரல் என்று சேர்த்தே எழுதுவது என்று உடன்பட்டார்கள். குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில் அப்படி ஒரு மேசையில் உட்கார்ந்தவர்களை நான் மனதார மதிக்கிறேன்.

விதியை எழுதிய சாங்கரோ 2002இலேயே விலகிவிட்டார். அந்த நடுநிலை செத்துவிட்டது என்று 2020இல் எழுதினார். போலிச் சமநிலை கூடாது என்ற பெயரில் மாற்றுக் கருத்துகளை வெளியே தள்ளுகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. சில பக்கங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் என் வாக்கியத்துக்கு முன் வைத்துப் பார்த்தபோது அவரோடு உடன்பட முடியவில்லை. நூலகம் எரிக்கப்பட்டது என்பதில் இரண்டு தரப்பு கிடையாது. 2016 டிசம்பரில் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க, தமது கட்சியின் ஆட்சியில் நடந்த அந்த எரிப்புக்காகப் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 'எரிந்தது' என்ற சொல் மென்மையாகத் தெரியலாம். அது நடுநிலை ஆகாது.

என் வாக்கியத்திலும் குறை இருந்தது. எரித்தவர் யார், அதைச் சொன்னவர் யார் என்று நான் எழுதவில்லை. எனக்குத் தெரியும் என்பதே போதும் என்று இருந்துவிட்டேன். சான்று தேடினேன். சர்வதேச ஜூரர்கள் ஆணைக்குழுவுக்காக 1981 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இலங்கை வந்த வர்ஜீனியா லியரியின் அறிக்கை கிடைத்தது. அதைக் காட்டி 'எரித்தார்கள்' என்று மீண்டும் எழுதினேன். இம்முறை அந்தப் பயனர் திருப்பவில்லை.

அந்த நாட்களை உள்ளூரிலிருந்தே அச்சேற்றியிருக்க வேண்டிய ஈழநாடு நாளிதழின் அலுவலகமும் அதே வன்முறையில் எரிக்கப்பட்டது. சான்று கேட்கும் விதி முன்னே நிற்கிறது. சான்றைத் தர வேண்டிய அச்சகம் சாம்பலாகிக் கிடக்கிறது. ஆகவே இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். 1981ஐ ஒட்டி அச்சான பத்திரிகை, துண்டறிக்கை, பாடசாலை மலர் எதுவாகிலும் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், கறையான் தின்னுமுன் எடுத்து வருடிப் பதிந்து 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்துக்குக் கொடுங்கள்.