புருவம் சொன்ன சேதி

போன தை மாதம் என் நாத்தனார் மகளுக்குக் கும்பகோணத்தில் கல்யாணம். சம்பா அறுப்பு நேரம். வயலில் ஆள் விட்டு, வீட்டில் சீர்ச் சாமான்களைக் கட்டி, ஒரு வழியாக மண்டபம் போய்ச் சேர்ந்தபோது எனக்கு நிற்கக் கூடத் தெம்பில்லை. மணப்பெண் அறையில் ஒரு நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன்.

பெண்ணுக்கு அலங்காரம் செய்ய ஒரு பியூட்டி பார்லர் பெண் வந்திருந்தாள். இருபத்தைந்து வயசிருக்கும். அவள் வேலையை முடித்ததும் கல்யாணப் பெண் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அத்தை, நீங்களும் உக்காருங்க. போட்டோவுல எப்பவும் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிறீங்க."

"நாப்பத்தஞ்சு வயசுல எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்றேன். அவள் விடவில்லை.

பார்லர் பெண் என் முகவாயைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அக்கா, புருவத்துல வெளிப்பக்க நுனி ரெண்டு பக்கமும் காணுமே. த்ரெட்டிங் எடுத்தீங்களா?"

"என் ஜன்மத்தில் எடுத்ததில்லையே."

"பென்சில்ல வரைஞ்சிடலாம் அக்கா, ரெண்டு நிமிஷ வேலை. ஆனா எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் நுனி கொட்டிப் போச்சு. தைராய்டுன்னாங்க. நீங்களும் ஒரு தரம் ரத்தம் பாத்துடுங்க."

சகோதரிகளே, தினமும் கண்ணாடியில் பொட்டு வைத்துக்கொள்கிறோம். நெற்றியில் பொட்டு நடுவில் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறோம். என் புருவத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போனது எனக்கே தெரியவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து சொல்ல வேண்டியிருந்தது!

ஒரு வருஷமாகவே எனக்கு உடம்பு சரியில்லைதான். காலையில் எழுந்தால் முகம் உப்பியிருக்கும். தலைமுடி கொத்துக் கொத்தாக வரும். மார்கழிக் குளிர் மற்றவர்களை விட எனக்கு மட்டும் அதிகமாக உறைக்கும். மாதவிலக்கில் போக்கு அதிகம். சாப்பாடு கொஞ்சம்தான், எடை மட்டும் ஏறியது. "உக்காந்தா எழுந்திருக்கவே மாட்டேங்கிறியே" என்று வீட்டில் சொன்னபோது எனக்கும் அது சோம்பேறித்தனம் என்றுதான் தோன்றியது. வயசாகிறது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

கல்யாணம் முடிந்த வாரமே ரத்தம் கொடுத்தேன். டி.எஸ்.எச். அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டால், அதை உசுப்புவதற்காக மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி இந்த டி.எஸ்.எச்.சை அதிகமாக அனுப்புமாம். தைராய்டு குறைந்தால் உடம்பின் எல்லா வேலையும் மந்தமாகும், முடியின் வளர்ச்சியும் அதில் சேர்த்தி என்று டாக்டரம்மா விளக்கினார். ஆனால் புருவ நுனி உதிர்ந்த எல்லோருக்கும் தைராய்டு என்று அர்த்தமில்லை. வயசாலும் குறையும், தோல் வியாதியாலும் குறையும், ஓயாமல் பிடுங்கினாலும் குறையும். எனக்கு இருந்த மாதிரி அசதியும் முடி உதிர்வும் சேர்ந்திருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

மாத்திரை தினம் ஒன்று. விடிந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுக்கொண்டு, குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் காப்பி குடிக்கக் கூடாது. கும்பகோணம் டிகிரி காப்பி ஊரில் வாழ்க்கைப்பட்டவளிடம் சொல்கிற பேச்சா இது! ஆனால் காப்பி உடனே உள்ளே போனால் மருந்து சரியாகச் சேராதாம். இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நாலு மணி நேரம் இடைவெளி விட வேண்டுமாம். இப்போது மாத்திரையைப் போட்டுவிட்டு வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடிக்கிறேன். காப்பி நேரம் வந்துவிடுகிறது.

"புருவம் எப்ப வரும் டாக்டர்?" என்று கேட்டேன். "மாசக்கணக்காகும், பொறுமையா இருங்க" என்றார். அதுவரைக்கும் என்ன செய்வது? கல்யாணத்தன்று அந்தப் பெண் வரைந்துவிட்ட புருவத்தோடு போட்டோவில் என் முகத்தைப் பார்த்திருந்தேன். பத்து வயசு குறைந்த மாதிரி இருந்தது. சரி, கற்றுக்கொண்டுவிடுவோம் என்று ஒரு ஐப்ரோ பென்சில் வாங்கினேன்.

முதல் நாள் வரைந்த கோலத்தைப் பார்த்து என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். "அம்மா, பாகவத மேளாவா?"

அவன் கேலிக்குத்தான் சொன்னான். எனக்கு என் பிறந்த ஊர் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் கிராமம் மெலட்டூருக்குப் பக்கம். வருஷா வருஷம் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி அங்கே பாகவத மேளா நடக்கும். மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் இயற்றிய நாட்டிய நாடகங்கள். பெண் வேஷமும் ஆண்களே கட்டுவது அங்கே வழக்கம். சின்ன வயசில் பாட்டியோடு போனபோது ஒப்பனை அறையை எட்டிப் பார்த்தேன். மத்தியானம் சாதாரண வேஷ்டியோடு நடந்துபோன ஒருவர் கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தார். புருவத்தை எழுதினார், கண்ணை எழுதினார், உதட்டுக்குச் சிவப்பு வைத்தார். திரும்பியபோது அவர் பிரகலாதனின் தாய் லீலாவதி! கன்னமும் மூக்கும் அதேதான். புருவமும் கண்ணும் உதடும் மாறியதும் ஆளே மாறிவிட்டார்.

மேடையில் கடைசி வரிசைக்காரருக்கும் கண் தெரிய வேண்டும். அதனால் கோடு பட்டையாக இருக்கும். நம்மிடம் பேசுகிறவர் மூன்றடி தூரத்தில் இருக்கிறார். அவருக்குக் கோடு தெரியக் கூடாது, முகம்தான் தெரிய வேண்டும். இந்த வித்தியாசம் புரிந்ததும் என் கை சரியாகிவிட்டது.

புருவத்துக்கு ஓர் அளவு இருக்கிறது. பென்சிலை மூக்கின் ஓரத்தில் வைத்து நேராக மேலே நிமிர்த்துங்கள். அது தொடும் இடத்தில் புருவம் தொடங்க வேண்டும். அதே இடத்திலிருந்து கருவிழி வழியாகச் சாய்த்தால் வளைவின் உச்சி. கண்ணின் வெளிக்கோடி வழியாகச் சாய்த்தால் புருவம் முடியும் இடம். எனக்கு அந்தக் கடைசிப் புள்ளி வரைக்கும்தான் வேலை. ஒரே கோடாக இழுக்காமல், முடி முளைத்திருப்பது போல் குட்டிக் குட்டிக் கீற்றாக வைத்து, சுத்தமான பழைய டூத் பிரஷ்ஷால் லேசாக வருடிவிட வேண்டும். நம் முடி எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் கரும்பழுப்புப் பென்சில்தான் இயல்பாக இருக்கும். வால் பக்கம் தொடக்கத்தை விடக் கீழே இறங்கினால் முகம் அழுகிற மாதிரி ஆகிவிடும். வட்ட முகத்துக்கு வளைவைக் கொஞ்சம் தூக்கலாம். நீள முகத்துக்கு அதிகம் வளைக்காமல் விடலாம். த்ரெட்டிங் எடுக்கும் பெண் குழந்தைகளுக்கு ஒரு வார்த்தை: நூல் மாதிரி மெலிதாக எடுக்காதீர்கள். வருஷக்கணக்காகப் பிடுங்கிய இடத்தில் சில பேருக்குத் திரும்ப முளைப்பதே இல்லை.

அடுத்தது கண். என் அம்மா வீட்டிலேயே மை கூட்டுவாள். வெள்ளைத் துணியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்து நிழலில் உலர்த்தித் திரியாக்கி, விளக்கெண்ணெய் விளக்கில் ஏற்றி, மேலே பித்தளைத் தட்டைக் கவிழ்த்து வைப்பாள். விடிந்ததும் தட்டில் படிந்த கரியைச் சுரண்டி, விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்தால் மை தயார். இன்று கடையில் விதவிதமாகக் காஜல் கிடைக்கிறது. முத்திரையும் தயாரித்தவர் பெயரும் இல்லாத சுர்மாப் பொட்டலங்களை மட்டும் தொடாதீர்கள். சிலவற்றில் ஈயக் கல்லைப் பொடித்துச் சேர்க்கிறார்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். வீட்டு மையானாலும் சரி, பச்சைக் குழந்தையின் கண்ணுக்குள் விரலால் மை இழுக்க வேண்டாம் என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். விரல் அழுக்கும் நகமும் கண்ணுக்கு ஆகாது. திருஷ்டிக்குத்தானே? குழந்தையின் கைக்கு எட்டாமல் நெற்றி ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தால் போதும். மாமியாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நமக்கு வருவோம். சின்னக் கண்ணில் சுற்றி வளைத்துப் பட்டையாக மை தீட்டினால் கண் இன்னும் சிறுக்கும். மேல் இமை ரோமத்தை ஒட்டி மெல்லிய கோடு போட்டு, வெளிக்கோடியில் மட்டும் கொஞ்சம் தடிப்பாக்கினால் கண் நீளும். இரண்டு கண்ணும் நெருங்கி இருந்தால் மூக்குப் பக்க மூலையில் மை வேண்டாம். தள்ளி இருந்தால் அந்த மூலை வரை கொண்டுவரலாம். என் வயசுக்காரர்களுக்கு இமை கொஞ்சம் தொங்க ஆரம்பித்திருக்கும். கண்ணைத் திறந்து நேராகப் பார்த்தபடி எந்த இடம் தெரிகிறதோ அங்கே கோடு முடிய வேண்டும். மூக்குக் கண்ணாடிக்காரர்கள் கவனியுங்கள். கிட்டப்பார்வைக் கண்ணாடி கண்ணைச் சிறுக்கக் காட்டும், கோடு கொஞ்சம் அழுத்தமாக இருக்கலாம். தூரப்பார்வைக் கண்ணாடி கண்ணைப் பெரிதாக்கும், கோட்டின் பிசிறையும் சேர்த்துப் பெரிதாக்கும்! ஒருவர் மையை இன்னொருவர் போட்டுக்கொள்ள வேண்டாம். கண் சிவந்திருந்தால் மை வேண்டாம். படுக்கப் போகுமுன் பஞ்சால் துடைத்துவிடுங்கள்.

உதட்டுக்கு எங்கள் பாட்டி வைத்திருந்த சாயம் வெற்றிலைதான். பாபநாசம் பக்கத்துக் கொடிக்கால் வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு. பாக்கின் துவர்ப்புச் சத்தோடு சுண்ணாம்பு சேரும்போதுதான் அந்தச் சிவப்பு வருகிறது. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் பாக்குச் சேர்த்த தாம்பூலத்தை வழக்கமாக மெல்லுவது, புகையிலை இல்லாவிட்டாலும், வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அதனால் வெற்றிலை தாம்பூலத் தட்டில் இருக்கட்டும். உதட்டுச் சிவப்புக்கு வேறு வழி பார்ப்போம்.

முதலில் துளி வெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவிப் பத்து நிமிஷம் ஊறவிட்டுத் துடைத்துவிடுங்கள். வெடிப்பு அடங்கும். கடையில் லிப்ஸ்டிக் நிறம் பார்க்கும்போது புறங்கையில் தீட்டாதீர்கள். விரல் நுனியில் தீட்டிப் பாருங்கள். உதட்டு நிறத்துக்கு அதுதான் கிட்ட வரும். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அரக்கு, செங்கல் சிவப்பு, நாவல் பழ நிறம் எல்லாம் எடுக்கும். வெளிறிய ரோஜா நிறம் நம்மைச் சோகையாகக் காட்டும். தடித்த உதடானால் ஓரத்துக்குச் சற்று உள்ளே நிறுத்தி ஆழ்ந்த நிறம், மெல்லிய உதடானால் ஓரம் வரைக்கும் இளநிறம். கண்ணில் மை அழுத்தமாக இருந்தால் உதட்டில் அடக்கமாக இருக்கட்டும். இரண்டும் சேர்ந்து கத்தினால் எதுவும் காதில் விழாது!

இதையெல்லாம் தினமும் ஜன்னலோரத்தில் ஐந்தே நிமிஷம் செய்கிறேன். மாமியாருக்கு முதலில் பிடிக்கவில்லை. "நாப்பது தாண்டினவளுக்கு என்ன சிங்காரம்?" என்று தூணோடு பேசிக்கொண்டிருந்தார். நான் பதில் சொல்லவில்லை.

ஆடிப் பெருக்கு வந்தது. சித்ரான்னம் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனோம். மஞ்சளும் பூவும் வைத்துக் காதோலை கருகமணியைத் தண்ணீரில் விட்டார் மாமியார். "அத்தை, காவேரிக்கு வயசு என்ன இருக்கும்?" என்று மெதுவாகக் கேட்டேன். ஒரு நிமிஷம் முறைத்தார். அப்புறம் பொக்கை வாயால் சிரித்துவிட்டார்.

அன்று திரும்பி வந்ததும் அவரே என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். "நுனியில பூனை முடி மாதிரி ஏதோ தெரியுதே. முளைக்குது போலிருக்குடி!"

எனக்கு வெள்ளெழுத்து. கண்ணாடியில் எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டேன். முகம் மழமழவென்று இருக்கிறது, அசதி பாதிக்கு மேல் போய்விட்டது. போன முறை ரத்தத்தில் அளவு இறங்கியிருந்தது.

பென்சிலை இன்னும் தூக்கிப் போடவில்லை. நாளைக் காலை மாத்திரைக்கும் காப்பிக்கும் நடுவே எனக்கு அந்த ஐந்து நிமிஷம் வேண்டும். உங்களுக்கும் ஒரு ஐந்து நிமிஷம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சகோதரிகளே. பொட்டை மட்டும் பார்க்காமல் முழு முகத்தையும் பாருங்கள்.