தாத்தாவின் பெஞ்சு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது மாதவரத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். தவணையில் வாங்கிய அலமாரி மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை. இரண்டே நாளில் உப்பி உதிர்ந்தது. அம்மா அழுதே விட்டார். தாத்தாவின் தேக்குப் பெஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதை வெயிலில் போடத் தூக்கினேன். "வேணாம்பா, வெடிச்சிடும். நிழல்லயே காயட்டும்" என்றார் தாத்தா. உள்ளே ஈரம் நிற்க, மேல்பக்கம் மட்டும் காய்ந்து சுருங்கும். அந்த இழுபறியில்தான் வெடிப்பு. மரம் வாங்கினால் வைரம் பார்க்கணுமாம். வெளுத்த பகுதியைப் பூச்சி சும்மா விடாது.

அலமாரி போன பிறகும் ஆறு மாதம் தவணை கட்டினோம். இதை எழுதுவது அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான்!