பெர்லினிலிருந்து லூடெரிட்ஸ்

மார்ச் 21, 2025, வெள்ளி

நமீபியாவின் விடுதலை நாள். 1990-ல் இதே தேதியில்தான் தென்னாப்பிரிக்காவின் பிடி விட்டது. இன்று நெட்டும்போ நாண்டி-டைட்வா பதவியேற்றார். அங்கே முதல் பெண் அதிபர். செய்தி பார்த்துவிட்டு அண்ணன் மகன் மதுரையிலிருந்து கூப்பிட்டான். "அத்தை, ஜூலையில லீவு சொல்லிட்டேன். நமீபியா போறோம். நீங்க பெர்லின்ல இருந்து வந்துருங்க."

கேமரா வாங்கியதிலிருந்து அவனுக்கு மணல்மேட்டுப் பைத்தியம். போகலாம்தான். தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்கு நிலம். ஜனம் முப்பது லட்சம். வண்டி நம் ஊர் மாதிரி இடப்பக்கம்தான் ஓடும். ஜூலை மழையில்லாத மாதம்.

மார்ச் 23, ஞாயிறு

பெர்லினின் வெட்டிங் பகுதிக்குப் போய் வந்தேன். அங்கே ஆப்பிரிக்கப் பெயர்களில் தெருக்கள்: ஸ்வாகோப்முண்ட், விண்ட்ஹூக், ஒட்டாவி. முதல் உலகப் போருக்கு முன் ஹாகன்பெக் என்ற மிருக வியாபாரி இந்தப் பக்கம் காலனிகளின் விலங்குகளையும் மனிதர்களையும் சேர்த்துக் காட்சிக்கு வைக்கத் திட்டம் போட்டிருந்தார். போர் வந்து கெடுத்தது, நல்லதாயிற்று.

நான் பார்க்கப் போனது கொர்னேலியஸ் ஃபிரெடெரிக்ஸ் தெரு. 2022 டிசம்பர் வரை லூடெரிட்ஸ் தெரு. லூடெரிட்ஸ் பிரேமன் நகரப் புகையிலை வியாபாரி. 1883-ல் நாமா தலைவர் யோசஃப் ஃபிரெடெரிக்ஸிடம் கடற்கரையோரம் இருபது மைல் அகல நிலத்தை வாங்கினார். தலைவருக்குத் தெரிந்தது ஆங்கில மைல். கணக்குப் போட்டால் 32 கிலோமீட்டர். பத்திரத்தில் இருந்ததோ 7.4 கிலோமீட்டர் நீள ஜெர்மன் மைல். அதாவது 148 கிலோமீட்டர்! ரியல் எஸ்டேட் மோசடிக்குப் பேர்போன நம் ஊர் ஆட்களும் இவரிடம் பாடம் கேட்கலாம். மறு வருஷமே ஜெர்மனி அதைத் தன் பாதுகாப்புப் பகுதி என்றது.

தெருவில் நாயோடு நின்ற பாட்டியம்மாவிடம் புதுப் பெயர் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "விலாசம் மாற்ற அலைந்ததுதான் மிச்சம்" என்றார். அங்கே நமீபியாவில் துறைமுக ஊருக்கு இன்னும் லூடெரிட்ஸ் என்றுதான் பெயர்.

ஏப்ரல் 12, சனி

பயணத் திட்டம். சோசுஸ்ஃப்ளெய் அவனுக்கு: சிவந்த மேடுகளுக்கு நடுவே வெளுத்த களிமண் தரை, பல நூறு ஆண்டுகளுக்கு முன் பட்டுப்போய், காற்றில் ஈரமில்லாததால் மக்காமல் நிற்கும் கருத்த மரங்கள். எட்டோஷா எனக்கு. உப்புப் படுகையின் ஓரத்து நீர்நிலைகளில் உட்கார்ந்து காத்திருந்தால் போதும், யானையும் காண்டாமிருகமும் தாமாக வரும். ஒகாவ்குவேயோ முகாமில் ராத்திரியும் விளக்குப் போட்டு வைக்கிறார்கள். 2022-ல் மத்தியப் பிரதேசத்தின் குனோ பூங்காவுக்கு முதலில் வந்த எட்டுச் சிவிங்கிப்புலிகளும் நமீபியாவிலிருந்துதான்.

கோல்மன்ஸ்கோப்பையும் சேர்த்தேன். 1908-ல் ரயில் பாதையில் மணல் அள்ளிக்கொண்டிருந்த சக்கரியாஸ் லெவாலா ஒரு வைரத்தைக் கண்டெடுத்து மேலதிகாரி ஸ்டாவுக்கிடம் காட்டினார். பணக்காரரானவர் ஸ்டாவுக். பாலைவனத்தில் ஒரு ஜெர்மன் ஊரே எழுந்தது. 1956-ல் கடைசி ஆளும் போனார். இன்று முழங்காலளவு மணல் நிறைந்த வரவேற்பறைகளைப் படமெடுக்கக் கூட்டம் வருகிறது.

மே 28, புதன்

நமீபியா இனப்படுகொலை நினைவு நாளை இந்த ஆண்டுதான் முதன்முறையாக அரசு முறையில் அனுசரிக்கிறது. 1904 முதல் 1908 வரை ஜெர்மன் படை ஹெரேரோ மக்களை நீரில்லாத பாலைக்குள் விரட்டியது. பிழைத்தவர்களையும் நாமாக்களையும் முகாம்களில் அடைத்தது. எண்பதாயிரம் ஹெரேரோக்களில் அறுபத்தைந்தாயிரம் பேர் வரை செத்திருக்கலாம் என்று மதிப்பீடு. ஜெர்மனி 2021-ல் இதை இனப்படுகொலை என ஒப்பி, முப்பது ஆண்டுகளில் 110 கோடி யூரோ தருவதாகச் சொன்னது. 'இழப்பீடு' என்று சொல்லாமல் பார்த்துக்கொண்டது. ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை.

லூடெரிட்ஸை ஒட்டிய சுறாத் தீவு முகாமில் 1907-ல் செத்தவர்தான் இங்கே தெருப் பெயரான கொர்னேலியஸ். கைதிகளை வைத்து ரயில் பாதையும் போட்டார்கள். முகாம் இருந்த அதே இடத்தில் இப்போது கூடாரம் அடிக்க வாடகைக்கு இடம் தருகிறார்கள். மருமகன் அனுப்பிய பட்டியலில் அதுவும் இருந்தது: கடல் பார்த்த இடம், விலை சல்லிசு.

போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப ஊருக்குள்ள ரூம் போடுவோம் அத்தை. தீவை மட்டும் போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றான். ஜூலை 9, 10 இரண்டு ராத்திரிக்கு லூடெரிட்ஸில் அறை எடுத்தாயிற்று.