செஞ்சி மலையில் ஒரு சனிக்கிழமை

புதுச்சேரியில் எல்லாம் இருக்கிறது, மலைதான் இல்லை. கடல் இருக்கிறது, ஏரி இருக்கிறது, வயல் இருக்கிறது. வில்லியனூரிலோ பாகூரிலோ பிறந்து வளர்ந்த ஒருவனுக்கு உயரம் என்றால் கோயில் கோபுரம், இல்லாவிட்டால் ஊர் தண்ணீர்த் தொட்டி. அவ்வளவுதான்! அதனால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் "மலை ஏறப் போகலாம்" என்று பேச ஆரம்பித்தால் பேச்சு முதலில் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று போகும். பிறகு பர்ஸைத் திறந்து பார்ப்பார்கள். கடைசியில் செஞ்சியில் வந்து நிற்கும்.

பி.காம். கடைசி வருடம் படிக்கும் நான்கு பேருக்கும் இதேதான் நடந்தது. அவர்கள் ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஊர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வில்லியனூர், பாகூர், மடுகரை, திருக்கனூர். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். பொங்கல் விடுமுறை முடிந்து வந்த சனிக்கிழமை, தலைக்கு நானூறு ரூபாய் பட்ஜெட், காலை ஆறரை மணி பஸ் என்று முடிவானது. கணக்கு எழுதும் பொறுப்பு மடுகரைக்கு. வழிகாட்டும் பொறுப்பை வில்லியனூர் தானே எடுத்துக்கொண்டான்.

வில்லியனூருக்கு இந்தப் பயணத்தில் ஒரு தனி ஆசை உண்டு. அவன் ஊரைத் தொட்டு ஓடும் சங்கராபரணிக்குச் செஞ்சி ஆறு என்றும் ஒரு பேர். செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறந்து வந்து, புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் சேருகிற ஆறு அது. சின்ன வயதிலிருந்து பார்த்த ஆறு எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பான். "உங்களுக்குச் சங்கராபரணி, எங்களுக்குத் தென்பெண்ணை" என்று பாகூர் பதில் சொல்வான். பாகூர் ஏரிக்குத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணையிலிருந்துதான் வருகிறது. யார் ஆறு பெரியது என்று இருவரும் மூன்று வருடமாகச் சண்டை போட்டிருக்கிறார்கள்!

சனிக்கிழமை காலையில் வில்லியனூரில் மூன்று பேர்தான் பஸ் ஏறினார்கள். பாகூர் வரவில்லை. போன் செய்தால், "மாமா வீட்டுக்கு வந்தேன்டா, திருபுவனையில ஏறிக்கிறேன்" என்றான். சொன்னபடியே திருபுவனையில் ஏறினான். கண் சிவந்திருந்தது. சீட்டு கிடைத்ததும் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். விழுப்புரத்தில் எழுப்பி இறக்கினார்கள். அடுத்த பஸ்ஸிலும் தூங்கினான். "ராத்திரி பூரா படம் பார்த்திருப்பான்" என்று திருக்கனூர் கிண்டலடித்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

செஞ்சிக்கோட்டை ஒரே மலை இல்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள், மூன்றையும் வளைத்துக் கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர் நீள மதில். உருட்டி விட்டது போல எங்கு பார்த்தாலும் பாறை. ராஜகிரி சுமார் 800 அடி உயரம். இமயமலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் சமவெளிக்காரன் காலுக்கு அது போதும்! 2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மராட்டியரின் 12 கோட்டைகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டதில் தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டும்தான். சிவாஜி 1677-ல் இதைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கே இருந்தபோது மொகலாயப் படை முற்றுகையிட்டு, 1690-லிருந்து 1698 வரை காத்துக் கிடந்தது. அப்படிப்பட்ட கோட்டையை 1750-ல் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்தது. 1761-ல் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்ததும், சில மாதத்தில் செஞ்சியும் விழுந்தது. அந்தக் காலத்திலேயே இரண்டு ஊருக்கும் ஒரே தலையெழுத்து போல.

அடிவாரத்தில் வேங்கடரமணர் கோயிலைப் பார்த்தபோது இன்னொரு விஷயம் தெரிந்தது. புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டு போனவை. நான்கு பேரும் அந்தத் தூண்களின் அடியில் உட்கார்ந்து எத்தனையோ தடவை சுண்டல் சாப்பிட்டவர்கள். எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

பத்து மணிக்கு ஏற ஆரம்பித்தார்கள். முதல் அரைமணி நேரம் ஒரே உற்சாகம், போட்டோ, கூச்சல். பிறகு பேச்சு குறைந்து மூச்சு மட்டும் கேட்டது. பாகூர் மட்டும் பின்தங்கிக்கொண்டே வந்தான். பத்துப் படி ஏறுவான், நிற்பான். மறுபடி பத்துப் படி. வில்லியனூருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "என்னாடா நீ, தூங்கறதுக்கா அவ்ளோ தூரத்துல இருந்து வந்த? வராமலே இருந்திருக்கலாம்ல?" என்று கத்தினான். பாகூர் கோபப்படவில்லை. "நீங்க போங்கடா. நான் இங்க உக்காந்திருக்கேன். இறங்கும்போது கூப்பிடுங்க" என்று ஒரு பாறை நிழலில் உட்கார்ந்தான். உட்கார்ந்த மாதிரியே தூங்கிப் போனான்.

மூன்று பேரும் இருபது படி ஏறியிருப்பார்கள். கீழே சத்தம். ஒரு குரங்கு பாகூரின் பையை இழுத்துக்கொண்டிருந்தது. உள்ளே புளிசோறு இருப்பது அதற்கு எப்படித் தெரிந்ததோ! மூன்று பேரும் கத்திக்கொண்டு ஓடி இறங்கினார்கள். குரங்கு பொட்டலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பையை வீசிவிட்டுப் போனது. பையிலிருந்து ஒரு நீலச் சட்டை வெளியே விழுந்தது. கூடவே கழுத்தில் மாட்டும் அடையாள அட்டை. பாகூரின் போட்டோ. கீழே ஒரு கம்பெனி பேர். இவ்வளவுக்கும் அவன் எழுந்திருக்கவில்லை.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திருபுவனையில் மாமா வீடு கிடையாது. தொழிற்பேட்டைதான் இருக்கிறது. முதல் பீரியடுக்கு அவன் ஏன் வருவதில்லை, வந்தாலும் ஏன் கடைசி பெஞ்சில் தூங்குகிறான், மதியம் ஏன் எப்போதும் "பசிக்கலடா" என்கிறான்... மூன்று மாதமாகக் கிண்டல் செய்த ஒவ்வொன்றுக்கும் பதில் அந்த நீலச் சட்டையில் இருந்தது. மடுகரை சட்டையை மடித்துப் பையில் வைத்தான். யாரும் அவனை எழுப்பவில்லை. சுற்றி உட்கார்ந்து முக்கால் மணி நேரம் குரங்கு விரட்டினார்கள்.

எழுந்ததும் பாகூர் பதறினான். "ஏன்டா மேல போகல?" "சேர்ந்து போலாம்னுதான்" என்றான் வில்லியனூர். வேறு எதுவும் பேசவில்லை. இந்த முறை பாகூர் முன்னால் நடந்தான், மற்றவர்கள் அவன் வேகத்துக்கு நடந்தார்கள். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மலை இரண்டாகப் பிளந்திருக்கிறது. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன் மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் ஒரு சில வீரர்களே கோட்டையைக் காக்கலாமாம். நான்கு பேரும் அதை வரிசையாகக் கடந்தார்கள்.

உச்சியில் ரங்கநாதர் கோயில் அருகே உட்கார்ந்து, மீதி இருந்த மூன்று பொட்டலத்தை நான்காகப் பிரித்துச் சாப்பிட்டார்கள். எதிரில் கிருஷ்ணகிரி, கீழே பச்சை வயலும் ஏரிகளும். பாகூர் தானாகவே பேச ஆரம்பித்தான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணையில் வந்த வெள்ளம் அவர்கள் வயலில் மணலைக் கொட்டிவிட்டுப் போனது. மண்ணைச் சரி செய்ய வாங்கிய கடன் நின்றுவிட்டது. போன வருடம் அப்பாவுக்கு முதுகும் போய்விட்டது. மூன்று மாதமாக வாரத்தில் நான்கு ராத்திரி ஷிப்ட். "படிப்பை நிறுத்திடலாம்னு இருக்கேன். அதான் கடைசியா ஒருதடவை உங்ககூட வரணும்னு வந்தேன்."

தேசிங்கு ராஜன் கதை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதிச் செத்தபோது அவனுக்கு வயது இருபத்திரண்டுதான் என்பார்கள். அவன் நண்பன் மகமத்கான் கல்யாணத்தை விட்டுவிட்டுப் போருக்கு வந்தான் என்று கதைப்பாடல் சொல்கிறது. ஆனால் தேசிங்கு ஆள் அனுப்பிச் சொன்னதால்தானே மகமத்கானுக்குத் தெரிந்தது! பாகூர் சொல்லவில்லை. மற்றவர்களும் கேட்கவில்லை. தப்பு இரண்டு பக்கமும்தான்.

வில்லியனூர் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. "ஆறு செமஸ்டர்ல அஞ்சு முடிச்சிட்ட. மீதி ஒண்ணுக்கு நோட்ஸ் எங்க பொறுப்பு" என்றான். திரும்பி வரும் பஸ்ஸில் மடுகரை கணக்கு சொன்னான். தலைக்கு 372 ரூபாய். பாகூர் நான்கு நூறு ரூபாய் நோட்டை நீட்டினான். திருக்கனூர் "வேணாம்டா" என்று ஆரம்பிப்பதற்குள் மடுகரை வாங்கிக்கொண்டு, மீதி 28 ரூபாயை எண்ணிக் கொடுத்தான். அதுதான் சரி. ராத்திரி கண் விழித்துச் சம்பாதித்த காசு அது. வேண்டாம் என்று சொன்னால் அவன் இனி எந்தப் பயணத்துக்கும் வரமாட்டான்.

திங்கட்கிழமை துறைத் தலைவரிடம் நான்கு பேரும் சேர்ந்து போய்ப் பேசினார்கள். பரீட்சைக் கட்டணத்தைப் பாகூர் கடைசித் தேதிக்கு முன்னாலேயே கட்டிவிட்டான். ஷிப்ட் இன்னும் தொடர்கிறது. முதல் பீரியட் நோட்ஸை மூன்று பேரும் முறை வைத்து எழுதுகிறார்கள். வில்லியனூர் மலை உச்சியிலிருந்து தன் ஆற்றைக் கண்டுபிடித்தானா என்று கேட்டால், தேடவே மறந்துவிட்டேன் என்கிறான்.

நீங்களும் நண்பர்களோடு செஞ்சிக்குப் போங்கள். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், வெயிலுக்கு முன் ஏறுங்கள், சாப்பாட்டைக் குரங்கிடமிருந்து காப்பாற்றுங்கள். உங்களில் ஒருவர் பின்தங்கினால், ஏன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதற்கு எப்போதும் ஒரு குரங்கு வந்து உதவாது!