நட்டைப் பிடிக்க ஒரு கை

போல்ட்டைத் திருக ஒரு கை வேண்டும். மறுபக்கம் நட்டு சுற்றாமல் பிடிக்க இன்னொரு கை வேண்டும். இதையெல்லாம் எழுத ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் கேட்கலாம். பிரஸ்ஸில் விரலைக் கொடுத்தவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். என் அண்ணனுக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை.

ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி. பெரிய கம்பெனிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கிற சின்னக் கம்பெனி. பெயர் வேண்டாம். அண்ணன் அங்கே காண்ட்ராக்டில் இருந்தான். அந்த பிரஸ்ஸுக்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலிருக்கிற டை கீழே இறங்கும். கை வெளியே இருக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு பட்டனையும் அமுக்கிக்கொண்டிருந்தால் ஷிப்டுக்குச் சொன்ன எண்ணிக்கை வராது. அதனால் ஒரு பட்டனை ஒயர் போட்டு ஷார்ட் பண்ணி வைத்திருந்தார்கள். ஒரு கை பட்டனில், ஒரு கை தகட்டில். 2014இல் ஒரு நைட் ஷிப்டில் அது இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் நான் ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் அட்டவணையைப் படித்தேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடை விலைப்பட்டியல் மாதிரி இருந்தது. ஒரு கட்டை விரல் முழுசாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு. ஆள்காட்டி விரலுக்கு 14. நடுவிரலுக்கு 12. மோதிர விரலோ சுண்டு விரலோ என்றால் 7. அண்ணனுக்கு 14ம் 12ம் சேர்ந்து 26 வரும் என்று நான் கூட்டி வைத்திருந்தேன். இல்லையாம். ‘ஒரு கையில் இரண்டு விரல்’ என்று தனி வரி இருக்கிறது, அதற்கு 20 தானாம். ஒன்றாகப் போனதால் தள்ளுபடி. நாள் சம்பளம் 400 ரூபாய் என்று வையுங்கள். அதில் தொண்ணூறு சதவீதம் 360, அதில் இருபது சதவீதம் 72. ஒரு நாளைக்கு எழுபத்திரண்டு ரூபாய்.

இனி புல்லட் கதை.

எங்கள் காலனியிலிருந்து ரோட்டுக்குப் போக ஊர்த்தெருவைத் தாண்டித்தான் போகணும். ஏரிக்கரைத் திருப்பம் வந்ததும் நைனா சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். ஊர்க்கோடி தாண்டியதும் மறுபடி ஏறுவார். அந்தத் தெருவில் பண்ணை வீட்டில் ஒரு புல்லட் இருந்தது, 1978ஆம் வருஷத்து வண்டி. அது கிளம்பாத நாளில் தள்ளுவதற்கு நைனாவுக்கு ஆள் வரும். தள்ளுகிறவன் கை படலாம், உட்கார்ந்தால்தான் தீட்டு. அதே வீட்டுக் கிணற்று ஆயில் இன்ஜினைப் பிரித்து ரிங் மாற்றி, நாசில் துடைத்து, மறுபடி ஓட வைத்ததெல்லாம் நைனாதான். காஞ்சிபுரத்திலிருந்து மெக்கானிக் வந்தால் நாற்காலி போடுவார்கள். நைனாவுக்குக் களத்துமேட்டில் கஞ்சி. மெக்கானிக் கூலி என்று ஒரு பைசா அவர் வாங்கியதில்லை. அது படியாள் வேலையில் சேர்ந்தது.

பிறகு சிப்காட் வந்தது. 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளியே வர ஆரம்பித்தது. நிலத்துக்கு வந்த விலையைப் பார்த்து அந்த வீட்டார் விற்றுவிட்டு சென்னைக்குப் போய்விட்டார்கள். எங்களிடம் விற்க நிலமில்லை. நடவும் அறுப்பும் மட்டும் போயின. வண்டி மாட்டுக்கொட்டகையில் கோழிப் பீயோடு கிடந்து, கடைசியில் பழைய இரும்புக் கடைக்கு வந்தது. அண்ணன் 2016இல் ஈ.எஸ்.ஐ. காசில் கொஞ்சம் எடுத்து அதை வாங்கினான். ஆர்.சி. புத்தகத்துக்கும் கையெழுத்துக்கும் சென்னைக்கு மூன்று நடை. மூன்று நடையும் வாசற்படியோடு சரி.

வண்டியைத் தட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியதும் நைனா சொன்னார்: “இன்னாத்துக்குடா இந்தப் பொணத்த தூக்கினு வந்த? எம்மாம் வருசம் தள்ளிக்கிறேன் இத்த.”

“இனிமே தள்ளத் தேவல நைனா, ஒக்காந்துக்கலாம்” என்றான் அண்ணன்.

அவர் உட்காரவில்லை. ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால் டேங்கைக் கழற்றித் தரையில் வைத்திருந்தார்.

புல்லட்டுக்கும் எங்கள் பக்கத்துக்கும் உறவு உண்டு. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர்க் கம்பெனியும் கூட்டு வைத்து, திருவொற்றியூரில் என்பீல்டு இந்தியா வந்தது. ரெட்டிச்சில் தொழிற்சாலையே மூடிப்போன பிறகும் இங்கே அந்த வார்ப்பு இரும்பு இன்ஜின் பெரிய மாற்றமில்லாமல் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. 2013இல் ஒரகடத்துக்கும் 2017இல் வல்லம் வடகாலுக்கும் தொழிற்சாலை வந்துவிட்டது. எங்கள் பையன்கள் வாசலில் காண்ட்ராக்டர் வேனுக்கு நிற்கிறார்கள்.

அந்தப் பழைய வண்டியின் சேஸைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஹேண்டில் கழுத்திலிருந்து ஒரே ஒரு குழாய் இன்ஜினுக்கு முன்னால் இறங்கி, இன்ஜின் வயிற்றுக்கு நேரே நின்றுவிடும். அடியில் தொட்டில் மாதிரி குழாய் கிடையாது. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இழுத்துப் பிடிப்பது இன்ஜின்தான். இன்ஜின் சேஸுக்குச் சுமையல்ல, அதில் ஒரு எலும்பு. கனெக்டிங் ராடு, கிராங்க் என்று அடிவயிற்று வேலை வந்தால் இன்ஜினை வெளியே எடுத்தே ஆகணும். பவுண்டேஷன் போல்ட் ஒவ்வொன்றுக்கும் இந்தப் பக்கம் தலை, அந்தப் பக்கம் நட்டு. எல்லாம் கழன்றதும் ஒருவன் தூக்கிப் பிடிக்க, ஒருவன் ஆட்டி ஆட்டி உருவ வேண்டும். முதல் தடவை நானும் காலனிப் பையன் ஒருத்தனும் தூக்கினோம். அண்ணன் கையிலிருந்து ரிங் ஸ்பேனர் நாலு தடவை நழுவியது. நாலாவது தடவை அதை எடுத்து வேலி தாண்டி எறிந்தான். அன்றைக்கு அவனோடு யாரும் பேசவில்லை.

ஒரு வாரம் கழித்து அவனே சொன்னான்: “நட்ட புடிக்க கை இல்லன்னா, நட்ட பிளேட்டோட ஒட்டிட்டா போச்சு.”

இந்த வேலைகளின் ஆரம்பம் அதுதான். உள்பக்க நட்டுகளைப் பிளேட்டோடு வெல்டு வைத்துவிட்டோம். வெளியிலிருந்து ஒரு ஸ்பேனர் போதும், ஒரு கை போதும். சும்மா வைத்துவிட முடியாது. வெல்டு சூட்டில் மரை கோணிப்போகும். பழைய போல்ட் ஒன்றைத் திருகி விட்டு, நாலு இடத்தில் பொட்டு வைத்து, ஆறவிட்டு ஆறவிட்டுப் பிடிக்கணும். முலாம் பூசிய நட்டென்றால் முலாமை அரத்தால் தேய்த்து எடுத்துவிடணும், அந்தப் புகை நெஞ்சைப் பிடித்துக் காய்ச்சலில் படுக்க வைக்கும். ரொம்பக் கடினமான நட்டும் ஆகாது, வெல்டு பட்டால் வெடிக்கும். பிறகு ஹெட்டையும் டேங்குக்கு அடிக்குழாயையும் சேர்க்கிற பட்டை. அதில் இருந்த ஓட்டையை வாய் திறந்த காடியாக அறுத்தோம். போல்ட்டை முழுக்க உருவ வேண்டியதில்லை, தளர்த்தினால் பட்டை நழுவி வந்துவிடும்.

மூன்றாவதுதான் பயமான வேலை. முன்குழாயையே வெட்டுவது. அடித்துண்டு தனியே கழன்று வந்துவிட்டால், இன்ஜினைத் தூக்காமல் அப்படியே முன்னால் இழுத்து, அண்டக் கொடுத்த மரப்பெட்டிமேல் உட்கார வைக்கலாம். துணைக்கு ஆள் வேண்டாம். இந்த ‘ஆள் வேண்டாம்’ என்பதுதான் அண்ணனுக்கு முக்கியம். ஒவ்வொரு தடவையும் யாரையாவது கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, கையைக் காட்டி, பாவம் என்று சொல்ல வைத்து... அவனுக்கு அது சலித்துவிட்டது.

நைனா எந்த அளவையும் விரக்கடையில்தான் சொல்வார். “பிளேட்டுக்கு நாலு விரக்கடை மேல வெட்டு” என்றார்.

“நீ அள நைனா. என் கையில அளந்தா பாதிதான் வரும்.”

நைனா சிரிக்கவில்லை. தன் கையை வைத்து அளந்து, ஆணியால் கோடு கிழித்தார்.

தொண்ணூறுகளில் நம் பத்திரிகைகளில் கட்டுடைப்பு, கட்டுடைப்பு என்று எத்தனை பக்கம் எழுதியிருப்போம்! ஹாக்ஸா பிளேடை அந்தக் குழாயில் வைத்த நிமிஷம் என் கை நடுங்கியது. வெட்டுவதற்கு முன்னால் கழுத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே ஒரு சேனல் இரும்பை போல்ட் போட்டு நிறுத்தியிருந்தோம். அது இல்லாவிட்டால் குழாய் அறுபட்டதும் சேஸ் தன் இஷ்டத்துக்கு விலகிக்கொள்ளும், பிறகு எந்த ஓட்டையும் நேர் வராது. லேத் பட்டறையில் ஆறு அங்குல நீளத்துக்கு கனமான உள்குழாய் ஒன்று கடைந்து வாங்கினோம். பாதியை மேல்குழாய்க்குள் செருகி வெல்டு. மீதிப் பாதிமேல் அடித்துண்டு ஏறி உட்காரும், குறுக்கே இரண்டு போல்ட். வெல்டிங் மாமா முதலில் மாட்டேன் என்றார். “இது உசுரு மேல வெக்கிற வெல்டுடா, வேற யாரையாவது பாரு” என்றார். உள்குழாயைக் கையில் வாங்கி, செருகிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, அப்புறம்தான் கண்ணாடியை மாட்டினார்.

வண்டி ஓடியது. இன்ஜினை அண்ணன் தனியாளாக இறக்கி ஏற்றினான். நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். உதவிக்கு எழுந்தவனை முறைத்தான்.

மூன்று மாதத்தில் வெல்டுக்குப் பக்கத்தில் பெயிண்டில் முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. பெயிண்டுதான் என்றேன் நான். நைனா மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைப் பூசினார். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து சாக்பீஸை நனைக்கும். ஆயில் இன்ஜின் காலத்து வித்தை அது. வெள்ளையில் கோடு ஈரமாக எழுந்து வந்தது. இந்த வண்டியில் அண்ணன் தன் பெண்ணை முன்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டிருக்கிறான்.

தப்பு எங்களுடையதுதான். குழாயைச் சுற்றி ஒரே வட்டமாக வெல்டு வைத்துவிட்டோம். உள்குழாய் முடிகிற இடமும் வெல்டு சூடு பட்ட இடமும் ஒரே கோட்டில் விழுந்தன. விறைப்பான பாகம் முடிந்து மெலிந்த குழாய் தொடங்குகிற இடத்தில்தான் அதிர்வு முழுக்கப் போய் மோதும். புல்லட்டின் அதிர்வைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் தடவை உள்குழாயை இன்னும் நீளமாக எடுத்து, அதன் மேல்முனையை மீன்வாய் மாதிரி வெட்டினோம். சுற்று வெல்டு வேண்டாம் என்று, குழாயில் துளைபோட்டுத் துளைக்குள் வெல்டு வைத்தோம். அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு தடவை மண்ணெண்ணெயும் சாக்பீஸும் நடக்கிறது. இதுவரை காய்ந்தே இருக்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் ஹாக்ஸாவை எடுத்துவிடாதீர்கள். நட்டு ஒட்டுகிற வேலையைச் செய்யுங்கள், குழாயைத் தொடாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52. தயாரித்தவர் குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. கழுத்தருகே அடித்திருக்கும் சேஸ் நம்பரை நாங்கள் தொடவில்லை. ஆனாலும் குழாயை வெட்டியது மாற்றம்தான் என்பது என் எண்ணம். அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டான், ரிப்பேர் என்பான். உடல் ஊனமுற்றவருக்காக மாற்றிய வண்டிக்கு அதே சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அது அவர் ஓட்டுவதற்கு. அவரே வண்டியைப் பிரித்து வேலை பார்ப்பார் என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த பிரஸ்ஸின் பட்டனை ஒயர் போட்டுக் கட்டியதும் ஒரு மாற்றம்தான். அன்றைக்கு நடப்பில் இருந்த 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம், இயந்திரத்துக்குக் காப்பு வேண்டும் என்று பிரிவு 21இல் தெளிவாகச் சொன்னது. விபத்தன்று இரவோடு இரவாக ஒயரைக் கழற்றிவிட்டார்கள். விசாரணைக்கு வந்தவர்களுக்கு இரண்டு பட்டனும் நன்றாக வேலை செய்து காட்டியது.

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் நம் கல்லூரி மாணவன் ஒருவனின் இரண்டு கைகளையும் வெட்டினார்கள். அவன் புல்லட் ஓட்டியதற்காக என்று குடும்பத்தார் சொன்னார்கள். மூன்று பேர் கைதானார்கள். முன்பகை என்றும் ஒரு பேச்சு வந்தது. முன்பகை எப்போதிலிருந்து என்று அந்தப் பேச்சில் இல்லை. டீக்கடைப் பேப்பரில் அதை நான்தான் படித்துக் காட்டினேன். அண்ணன் தன் வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். சின்ன வயசிலிருந்து எனக்குத் தெரியும், அவன் அப்படிச் செய்கிறவன் இல்லை. விரல் போன புதிதில்கூட மறைத்ததில்லை.

அன்று ராத்திரி நைனா வண்டியை வீட்டுக்குப் பின்னால் தள்ளி வைத்தார். காலையில் அண்ணன் அதை முன்வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மூன்று நாள் இப்படியே நடந்தது.

போன மாதம் வல்லக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். அவனும் பிரஸ் வேலைதான். இடது கையில் கட்டை விரல் இல்லை. அட்டவணைப்படி 30. பழைய புல்லட் ஒன்று வைத்திருக்கிறான். நட்டை ஒட்டித் தரச் சொல்லித்தான் வந்தான். அண்ணன் வண்டியைப் பார்க்கவில்லை. “உனக்கு நட்டு இல்லடா பிரச்சன, கிளட்ச்சு. கைய குடு” என்று சொல்லி, அவன் உள்ளங்கையைத் தன் தொடைமேல் விரித்து வைத்தான். நைனாவைக் கூப்பிட்டு, எத்தனை விரக்கடை என்று அளக்கச் சொன்னான்.