சைக்கிளில் நுவரெலியா போன கதை



2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்துப்போய் நாங்கள் நான்கு ஆசிரியர்கள் சைக்கிள் வாங்கியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வரிசை போய்விட்டது, சைக்கிள் மிஞ்சியது. போன வருட விடுமுறையில் அதே சைக்கிள்களில் நுவரெலியா போனோம். கடைத்தெருவில் விசாரிக்காத ஆளில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

பள்ளிவாசல்துறையில் பிறந்த எங்களுக்கு மலை பழக்கமில்லை. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிதான் நாங்கள் தினமும் பார்க்கும் உயரம். கச்சான் காற்றுக்கு எதிராக மிதிப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த ஏற்றம்.

சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். பாலாவி, புத்தளம், நிக்கவெரட்டிய, வாரியபொல என்று முதல் நாள் குருநாகல் வரை சமதரை, சிரமமில்லை. இரண்டாம் நாள் கலகெதர ஏற்றத்தில் பேச்சு நின்றது. மூன்றாம் நாள் கண்டியிலிருந்து கம்பளை தாண்டியதும் சிரிப்பும் நின்றது. கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குள் சுமார் 1,400 மீற்றர் உயர வேண்டும். எங்களில் இரண்டு பேரின் சைக்கிளில் கியரும் இல்லை. புசல்லாவைக்கு மேலே நால்வரும் இறங்கி உருட்டத் தொடங்கினோம்.

அப்போதுதான் அந்தப் பையன் வந்தான். ஆறாம் ஆண்டு இருக்கும். வெள்ளைச் சீருடை, முதுகில் பை. முஸ்லிம் பாடசாலை விடுமுறை மற்றப் பாடசாலைகளோடு ஒத்துவராது அல்லவா, அங்கே பாடசாலை நடந்துகொண்டிருந்தது. எங்களைக் கடந்து போனவன் திரும்பி வந்து, கேட்காமலேயே ஒரு சைக்கிளைப் பின்னாலிருந்து தள்ளினான்.

"தினமும் இப்படித்தான் நடக்கிறியா தம்பி?"

"ஆமா சேர். காலைல எறக்கம், லேசு. வீட்டுக்குப் போறப்பதான் ஏத்தம்."

"மழை பெய்தா?"

"லேட்டாகிரும் சேர். லேட்டானா கேட்ல நிப்பாட்டுவாங்க. அதனால பாதி வழியிலயே திரும்பிருவேன்."

தேயிலைக்குள் போகும் குறுக்குப் பாதையில் கையசைத்துவிட்டு ஏறிப் போனான். நாங்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஏனென்றால் 7.30க்கு கேட்டை மூடி, பிந்தி வருபவர்களை வெயிலில் நிறுத்தும் ஆசிரியர்கள் நாங்கள்தான்.

அன்றிரவு றம்பொடையில் தங்கினோம். மறுநாள் லபுக்கலை வழியாக நுவரெலியா போய்ச் சேர்ந்தோம். படமும் எடுத்தோம், நீங்கள் லைக்கும் போட்டீர்கள். ஆனால் நாங்கள் கொண்டு வந்தது அந்தப் பையனின் பேச்சைத்தான்.

பாடசாலை திறந்ததும், பிந்தி வரும் பிள்ளைகளிடம் முதல் தடவையாகக் காரணம் கேட்டோம். ஒருவன் விடியற்காலையில் வாப்பாவோடு வலையில் மீன் கழற்றிவிட்டு வருகிறான். ஒருத்தி வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, தம்பியையும் குளிப்பாட்டிக் கூட்டி வருகிறாள். இத்தனை வருடமாக இவர்களைத்தான் சோம்பேறிகள் என்று ஏசியிருக்கிறோம். பாதி வழியில் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ, இடாப்பில் வெறும் 'வரவில்லை' என்றுதான் இருக்கிறது.

இப்போது கேட் மூடுவதில்லை. பிந்தி வந்தாலும் நேரே வகுப்புக்குப் போகலாம். பெற்றோரே, பிந்திவிட்டது என்பதற்காகப் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். அனுப்பி வையுங்கள். நாங்கள் வெயிலில் நிறுத்திய பிள்ளைகள் எங்களை மன்னிக்க வேண்டும்.